பகலில் தூங்கும் வீடுகள்

எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். வீடு என்பது வாய்ப்பழக்கத்தில் சொல்வது. ஒரே அறை, மூலையில் இடுப்பளவு ஒரு தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் அடுப்பு, மேலே சிமெண்ட் ஷீட், அவ்வளவுதான். சூளகிரிப் பக்கம் புதிதாகக் கம்பெனிகள் வந்தபோது, ராகி விளைந்துகொண்டிருந்த நிலத்தில் ஓனரம்மா இதைக் கட்டிவிட்டார். செங்கல்லை மிச்சம் பிடிப்பதில் அவர் கைதேர்ந்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் எவ்வளவு மெல்லியது என்றால், அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் ‘நூறு’ என்று வாழ்த்தலாம்.

என் கணவர் பிரஸ் மெஷினில் நிற்கிறார். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் மதியம் தாண்டித்தான் எழுந்திருப்பார். அதுவும் வீட்டில் நாங்கள் விட்டால். அவருக்கு அடுத்த மெஷினில் நின்றவர் தூக்கக் கலக்கத்தில் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து இவர் தூக்கத்தைக் கலைக்க எனக்குப் பயம்.

எங்கள் வீட்டில் மட்டும் என்றால் பரவாயில்லை. வரிசை முழுக்க ஷிப்ட் ஆட்கள்தான். பக்கத்து வீட்டில் தெற்கத்திப் பையன்கள் நான்கு பேர். அவர்களில் யாராவது ஒருவர் எந்த நேரமும் தூங்கிக்கொண்டிருப்பார். வாசலில் கம்பெனி ஷூ கிடந்தால் உள்ளே ஆள் படுத்திருக்கிறது என்று அர்த்தம். பெண்கள் நாங்கள் அதைப் பார்த்துத்தான் நடப்போம். விசில் வரப்போகிற நேரத்தில் குக்கரை இறக்கிவிடுவோம். மிக்ஸியைச் சாயங்காலம்தான் போடுவோம். சண்டைகூடத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்த்தான் போடுவோம். என் கொலுசைக் கழற்றி டப்பாவில் போட்டு எவ்வளவோ காலமாகிறது.

கைக்குழந்தையோடு இங்கே குடிவந்தோம். பாப்பா இந்த அறையில்தான் பேசக் கற்றாள். முதலில் வந்த வார்த்தை ‘அம்மா’. இரண்டாவது ‘உஷ்’. விரலை உதட்டில் வைத்துக்கொண்டு அதை அவள் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம், சத்தம் வராமல். கல்லாவியில் என் அம்மா வீட்டுக்குப் போனால், பிள்ளையை எவ்வளவு அடக்கமாக வளர்த்திருக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போகும்.

அங்கன்வாடியில் சேர்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மற்ற பிள்ளைகள் தொண்டை கிழியப் பாட்டுச் சொல்லும்போது இவள் வாய் அசைகிறதாம், காற்று மட்டும் வருகிறதாம். எதற்கும் காதைக் காட்டிவிடுங்கள் என்றார் டீச்சர். கிருஷ்ணகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காது நன்றாக இருந்தது, தொண்டையும் நன்றாக இருந்தது. வீட்டில் வாய்விட்டுப் பேசப் பழக்குங்கள், இப்படியே விட்டால் இதுவே நிலைத்துவிடும் என்றார் டாக்டர். நல்ல மருந்துதான். எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டு அறை உள்ள வீடாகத் தேட ஆரம்பித்தோம். ஓசூரில் அப்படி வீடு நிறைய இருக்கிறது, எங்கள் சம்பளத்துக்கு இல்லை. பக்கத்தில் வீடு வாடகைக்கு விடும் ஒருவர் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் சத்தமே போடாது என்று நானே வாய்கூசாமல் சொன்னேன். சொன்ன பிறகு அந்த வீட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கெலமங்கலத்தில் ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு அறை, கதவு போட்ட அறை. ஆனால் அந்தப் பக்கம் கம்பெனி பஸ் போகாது. ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் கண் சொருகச் சொருக இவர் பைக் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வந்துவிடுவேன் என்றார். வேண்டாம் என்று நான்தான் முட்டுக்கட்டை போட்டேன். பிள்ளையின் குரலுக்குப் புருஷனின் உயிரைப் பணயம் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அதற்குப் பதிலாக நான் கண்டுபிடித்த வைத்தியம் இது. சாயங்காலம், விற்காமல் கிடக்கும் மனைப் பிளாட்டுகளுக்கு அவளை அழைத்துப் போவேன். கல் நட்டு, போர்டு வைத்து, முள்செடி மண்டிய இடம். கத்து என்பேன். அவள் சுற்றுமுற்றும் பார்ப்பாள், எங்காவது வீடு தெரிகிறதா என்று. நானே முதலில் கத்திக் காட்டினேன். ஆடு மேய்த்தவர் திரும்பிப் பார்த்தார். வெட்கமாக இருந்தாலும் நெஞ்சு லேசானது. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஒரு சத்தமும் இல்லாமல்.

போன மாதம் ஒரு நாள் காலை, தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று குழாயடிக்கு ஓடினேன். இவர் அப்போதுதான் படுத்திருந்தார். குடம் பாதி நிறைந்திருக்கும், பாப்பா வீட்டிலிருந்து நடந்து வந்தாள். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். எதையோ வாயில் போட்டுக்கொண்டாள் என்று நினைத்துக் கையை விலக்கினேன். வாயில் ஒன்றும் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, உடம்பு குலுங்கியது. அப்புறம்தான் இன்னொரு கையைப் பார்த்தேன். இரும்புக் கதவு காற்றில் அடித்து விரல் இடுக்கில் மாட்டியிருக்கிறது. நகம் பெயர்ந்து தொங்கியது. அவளாகவே விரலை உருவிக்கொண்டு, அவ்வளவு தூரம், அழுகையை அழுத்திப் பிடித்தபடி வந்திருக்கிறாள்.

நானும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓசைப்படாமல் உள்ளே போய், எப்போதும் எழுப்புவது போல இவர் காலைத் தொட்டு எழுப்பினேன்.

அவர் விரலைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு பழைய துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டு அவளை மடியில் போட்டுக்கொண்டார்.

“அழு சாமி. நல்லா கத்தி அழு. அப்பா எந்திரிச்சிட்டன் பாரு.”

அவள் தலையை ஆட்டினாள். அவர் காதில் வாயை வைத்து, காற்றாகவே சொன்னாள்.

“பக்கத்து மாமா தூங்குது.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார், நெஞ்சு வெடிக்கிற மாதிரி, வரிசை முழுக்கக் கேட்கும்படி. பாப்பா பதறிப்போய், அடிபடாத கையால் அவர் வாயைப் பொத்தினாள்.