ஓரிசியாவின் ஒன்பது நாள் சரக்கு

கனடாவின் வின்னிபெக்கில், தானியக் கிடங்குகளுக்கு லாரி எடை பார்க்கும் மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் ஓரிசியாவுக்குப் பதினாறு வருட வேலை. ஏழு பேர் மாதம் முழுக்கத் தனித்தனியே எழுதுவார்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றுசேர்ப்பது அவள் பொறுப்பு. ஒருவர் எழுதியது இன்னொருவருடையதோடு முட்டும். சிக்கெடுக்க நான்கு நாள், சனி ஞாயிறு உட்பட. அந்த நாட்களில் அவளிடம் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

பிப்ரவரிக் கடைசியில்தான் அவள் கிளப்பின் கர்லிங் போட்டியும் வரும்; பனித்தரையில் கனத்த கல்லைச் சறுக்கிவிட்டு இலக்கில் நிறுத்தும் ஆட்டம். குளிர்காலம் முழுக்கப் பழகியிருப்பாள். போட்டியன்று அவள் அலுவலகத்தில் இருக்க, பனித்தரையில் அவள் இடத்தில் வேறு யாராவது கல்லைத் தள்ளுவார்கள்.

இந்த முறை அந்த ஏழு பேரில் ஒருவனான ரமில் வழக்கத்தை மாற்றினான். எழுதியதை அன்றன்றே எல்லோருக்குமான பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். உடனே இயந்திரம் எல்லாச் சோதனைகளையும் ஓட்டும். தேறினால் சுவர்த்திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இனி மாதக் கடைசிச் சிக்கெடுப்பு இல்லை என்று ஓரிசியா போட்டிக்குப் பெயர் கொடுத்தாள்.

போட்டிக்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. திரை சிவந்தது. நாற்பத்தொரு சோதனைகள் தோல்வி.

"யாருப்பா அது?" என்ற ரமில் பெயரைப் பார்த்தான். "ஓரிசியா, நீங்களா? எத்தனை நாள் சரக்க மொத்தமாப் போட்டீங்க?"

"ஒன்பது."

"தினம் சேக்கலேன்னு எங்களத் திட்டினதே நீங்கதான்."

"அரைகுறையா எப்படிக் குடுக்கறது? முடிச்சுட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன்."

"பழைய வேலைய விட மனசில்ல இவளுக்கு," என்றாள் பின்மேசை ஜோஸ்லின்.

ஓரிசியா ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். தெரிந்த வேலைதான். ஞாயிறு மாலைக்குள் சிக்கெடுத்துவிடலாம்.

"நாளைக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு?" ரமில் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒன்பது."

"அப்ப போட்டதத் திரும்ப எடுத்துடுங்க. ஒரு நிமிஷ வேலை. திங்கக்கிழமை துண்டு துண்டாப் போடலாம்."

"சரிபண்ணாம விட்டுட்டா போறது?"

"உங்க மெஷின்ல பத்திரமா இருக்கும். வேற யாருக்கும் எதுவும் உடையாது."

அவள் சிவப்பை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு போட்டதைத் திரும்ப எடுத்தாள். சோதனைகள் மறுபடி ஓடி, எட்டு நிமிடத்தில் திரை பச்சையானது. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை அவள் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. வழக்கப்படி ஜெயித்தவர்கள் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். எதிரணிக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் ஆடறே. இத்தனை வருஷமா எங்க இருந்த?"

"வேலையில."

"இப்ப வேலை இல்லையா?"

"இருக்கு. திங்கக்கிழமை," என்றாள் ஓரிசியா.