கன்னத்தில் அடக்கிய பாக்கு

அப்பா தறியில் உட்கார்ந்தால் இடது கன்னத்தில் ஒரு பாக்குத் துண்டு இருக்கும். மெல்ல மாட்டார். மென்றால் எச்சில் ஊறும், பட்டில் தெறிக்கும். வாய் சும்மா இருந்தாலோ பேச்சு வரும், சேலைக் கரையில் நெய்யும் பூ தப்பும். யாராவது கேள்வி கேட்டால் பாக்கை வலது கன்னத்துக்கு மாற்றிய பிறகுதான் பதில்.

"உங்கப்பன்கிட்ட வழி கேட்டா பஸ்சே போயிடும்மா" என்பார் பக்கத்துத் தறி வீராசாமி மாமா.

பித்தப்பைக் கல்லுக்காக அப்பாவைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் தீபிகா வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"ஐயா, வாயைத் தொறங்க. பல் செட்டு, பாக்கு, ஒண்ணும் இருக்கக் கூடாது."

அப்பா திறந்து காட்டினார். ஒன்றும் இல்லை. அவர் கையில் ஏகாம்பரநாதர் கோயில் விபூதிப் பொட்டலம் மட்டும் இருந்தது.

"சாமி விபூதிதானே, வெச்சிக்கோங்க" என்று சிரித்தாள். வெளியே போய் ஊசி எடுத்து வந்து, பயம் தணிய அதைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் சொக்கியது. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

சற்று நேரத்தில் மயக்க மருத்துவர் வெளியே வந்தார். கையிலிருந்த பஞ்சுத் துணியில் ஒரு பாக்குத் துண்டு.

"மயக்கம் குடுத்ததும் நாக்கு, தொண்டையெல்லாம் தளர்ந்துடும்மா. மூச்சுக்குழாய்ல டியூப் போடலாம்னு வாயைத் திறந்தா, இது தொண்டைக்குள்ள நிக்குது. இடுக்கியால எடுத்துட்டேன். கொஞ்சம் உள்ள போயிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்."

பிறகு தீபிகாவிடம் திரும்பினார். "கண்ணை எங்க வெச்சிருந்தே?"

"பாத்தேன் டாக்டர். வாயில ஒண்ணுமே இல்ல."

அப்பா வீடு திரும்புவதற்குள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் அதைச் சொன்னபோதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"பாக்க விபூதியோட மடிச்சி வெச்சிருந்தேம்மா. அந்தப் பொண்ணு பாத்துட்டுப் போன பிறகுதான் போட்டுக்கினேன். பயமா இருந்துச்சி. ஊசி போட்டதும் வாயில இருக்கிறதே மறந்துபோச்சி."

"ஆஸ்பத்திரியில வந்து சொல்லிடுங்கப்பா."

"சொல்லணும்மா. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லணும்."

அதன்பின் அவர் பாக்கைத் தொடவில்லை. எது கேட்டாலும் உடனே பதில் வந்தது. எப்போது போகலாம் என்று நான் கேட்டால் மட்டும், நாக்கு வெறும் கன்னத்தை இடமும் வலமுமாகத் தள்ளிப் பார்க்கும்.

"இந்த முகூர்த்தச் சேலைய நெஞ்சி அறுத்துட்டுப் போறேம்மா."

நெய்து முடித்துச் சேலையைத் தறியிலிருந்து அறுத்தார். அடுத்த சேலைக்குப் பாவு நூல் ஏற்றினார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறதும்மா?" என்றார் ஒரு நாள். மாசியில், தறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் பிறகு எழவில்லை.

தீபிகா இப்போது வாலாஜாபாத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறாள். நான் வேலைக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. நான் இறங்கிச் சொன்னால் அது அப்பா சொன்னதாகுமா, இல்லை அவரைக் காட்டிக்கொடுத்ததாகுமா? எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாக்கு எங்கிருந்து வந்தது என்பது தீபிகாவுக்கு இன்னும் தெரியாது.