எட்டு மாதத் தீவு

வருடத்தில் எட்டு மாதம்தான் அது தீவு. ஆடியில் நொய்யலில் வெள்ளம் வந்து, வாய்க்கால் வழியாகக் குளம் நிரம்பும்போது நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும். பங்குனியில் வற்றிப்போனால் வெறும் மேடு. ஆடு மாடுகள் நடந்தே வந்து எங்கள் வாசலில் படுத்துக்கொள்ளும். ஆனால் கல்லூரியும் ஏறக்குறைய அதே எட்டு மாதம்தான் நடக்கும். அதனால் என் கல்லூரிப் படிப்பு முழுவதையும் தீவில் இருந்தே முடித்தேன் என்று நான் சொன்னால் அதில் பொய் இல்லை. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் இலங்கையா, அந்தமானா என்று கேட்கிறார்கள். சிங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு குளம் என்றதும் முகம் சுருங்கிவிடுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், இண்டர்மீடியட் படித்த இரண்டு வருடம் அது. என் தாய்மாமனுக்கு அந்த மேட்டில் ஒரு தென்னந்தோப்பும், கொஞ்சம் வாழையும், ஓடு போட்ட ஓர் ஒற்றை அறை வீடும் இருந்தன. நெஞ்சுச்சளிக்கு நல்ல காற்று வேண்டும் என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு ஆசை ஆசையாகக் கட்டினார். கட்டி முடித்து நான்கு நாள் தங்கினார். ஐந்தாம் நாள், நல்ல காற்றோடு கொசுவும் வரும் என்பதை வைத்தியர் ஏன் சொல்லவில்லை என்று திட்டிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்ததும், "அங்கயே இருந்து படி கண்ணு. தேங்காயையும் பாத்துக்கோ," என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அங்கே தனியாக இருக்கப் பயம். காரமடைப் பக்கத்து மேட்டாங்காட்டில் பிறந்தவன் நான். கிணற்றுக்கு மேல் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. அதுவும் கரைக்குப் போய்வர இருந்த அந்தப் பரிசல் இருக்கிறதே, அது என்னைக் கண்டாலே கேலி செய்யும். முதல் நாள் துடுப்பைப் பிடித்து அரை மணி நேரம் போட்டேன். கரையிலிருந்து பத்தடி தூரத்தில், ஒரே இடத்தில், அது சுற்றிக்கொண்டே இருந்தது. தலை சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது கரையில் நின்று சிரித்தானே ஒருவன், அவன்தான் என் நண்பன் ஆனான்.

அவன் என் வகுப்புதான். முதல் வாரத்தில் இருந்தே என் பக்கத்துப் பெஞ்சு. அவன் தகப்பனார் போத்தனூரில் ரயில் பாதை வேலை செய்தவர். தாத்தா காலத்தில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான குடும்பம். அதற்கு முன்பும் பின்பும் காடு தோட்டங்களில் கூலி வேலை. ஒற்றை அறையில் எட்டுப் பேர். இரவு வேலை முடித்து வந்த தகப்பனார் பகலில் தூங்க, புரட்டுகிற புத்தகத்தின் சத்தம்கூடத் தொந்தரவுதான். டவுனில் மாணவர்கள் தங்குகிற இடங்களில் கேட்டுப் பார்த்தான். முதலில் ஊரைக் கேட்டார்கள், பிறகு தெருவைக் கேட்டார்கள், பிறகு இடம் இல்லை என்றார்கள். தாயின் ஊர் பவானி ஆற்றங்கரை என்பதால் பரிசல் அவனுக்குக் கைவந்தது. நான் சுற்றிக்கொண்டிருந்த பரிசலுக்கு நீந்தியே வந்து, துடுப்பை வாங்கி, நாலே வீச்சில் மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"நீ இங்கயே இருந்துக்கிறியா?" என்று கேட்டேன்.

"உங்கூட்டுல என்ன சொல்லுவாங்க?"

"அவங்க எங்க இங்க வரப்போறாங்க. வந்தாலும் பரிசல் உன்ற கையிலதான இருக்குது."

தைரியமாகத்தான் சொன்னேன். தண்ணீர் நடுவில் நின்றால் யாருக்கும் அந்தத் தைரியம் வரும்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் தூக்கத்தில் நடந்தவை போலத்தான் இருக்கின்றன. மார்கழி விடியலில் குளத்தின் மேல் பனி இறங்கிவிடும். கரை தெரியாது, கோவில் கோபுரம் தெரியாது, பக்கத்துத் தென்னைகூடப் பாதிதான் தெரியும். வீடு மெல்ல நகர்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும். எங்கோ மில் சங்கு ஊதும். எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியாது. அவன் படியில் உட்கார்ந்து இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படிப்பான். முக்குளிப்பான் பறவை ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டி, கேட்டுவிட்டு, மறுபடி உள்ளே போய்விடும். "பாடம் புடிக்கல போல," என்பான். பனி விலகியதும் தண்ணீர் முழுவதும் வெளிச்சமாகிவிடும். நாங்கள் பரிசலில் ஏறி, புத்தகங்களைத் தலைமேல் வைத்துக்கொண்டு, கரையில் பம்ப் செட்டு அறையில் விட்டிருக்கும் ஒற்றைச் சைக்கிளில் டபுள்ஸ் போவோம்.

கல்லூரியில் எங்களுக்குத் தீவாந்தரக் கைதிகள் என்று பேர். "விடுதலை எப்போ?" என்று கேட்பார்கள். எங்களுக்கு விடுதலை சாயங்காலம்தான் கிடைத்தது. வெயில் சாய்ந்து, மில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும் நேரம் அவன் துடுப்பு போட்டுக்கொண்டே ஏதாவது கீர்த்தனை பாடுவான். நான் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பேன். நாரைகள் வரிசையாக எங்கள் தோப்புக்கே போகும். நாங்களும் அவற்றோடு வீட்டுக்குப் போவோம். அவ்வளவு நிம்மதியாக அதற்குப் பிறகு நான் எங்கேயும் வீடு திரும்பியதில்லை.

சமையல் அவன், பாத்திரம் நான். எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஆனால் நாக்கு மட்டும் நீளம். எங்கள் அம்மா செய்கிற அரிசியும் பருப்பும் சாதம் வேண்டும் என்று அவனைப் படுத்தினேன். முதல் முறை செய்தபோது வெங்காயம் பத்தாது என்றேன். இரண்டாம் முறை பூண்டு அதிகம். மூன்றாம் முறை சீரகத்தைக் கடைசியில் போடவேண்டும் என்று சொல்லப்போக, கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். கெஞ்சிக் கூட்டி வந்தேன். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, ஒரு வாய் எடுத்து வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே எங்கள் வீட்டு ருசி. ஒரே போசியில் இருந்து ஆளுக்கு ஒரு வட்டிலில் போட்டு, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்து, இரண்டு வருடம் அப்படித்தான் சாப்பிட்டோம்.

இரண்டாம் வருடம் கார்த்திகையில் அப்பாவிடமிருந்து கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பங்காளி ஒருவர், பையன் யாரோடு தங்கியிருக்கிறான் என்று விசாரித்தீர்களா என அப்பாவிடம் கேட்டது எனக்கு நினைவு வந்தது. அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் இது அவருக்குத் தெரிந்தால் நான் மறுநாளே காரமடையில் ஏர் பிடித்துக்கொண்டிருப்பேன். அவனுக்கு இந்தக் கூரையும் இருக்காது. பரீட்சைக்கு நான்கே மாதம்.

வழி சொன்னவனும் அவன்தான். "என்னைப் பரிசக்காரன்னு சொல்லிப்போடு. ஒரு நாள்தான. காலைல சோறாக்கி வெச்சுப்போட்டு நான் போய்க் கூட்டியாரேன். நீதான் ஆக்குனேன்னு சொல்லிக்கோ." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிற மாதிரி அவன் புத்தகங்களை எல்லாம் கட்டி, என் டிரங்குப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தோம். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

ஞாயிறு காலையில் சட்டையைக் கழற்றிவிட்டு, பழைய துண்டு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் போனான். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பரிசல் திரும்பி வருவது தெரிந்தது. அப்பா நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நெய்ச் சட்டி, காலடியில் ஒரு மூட்டைக் கடலைக்காய். கரை தட்டியதும் அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, "பாத்து இறங்குங்க சாமி," என்றான். முதுகை வளைத்து, முகத்தைத் தண்ணீருக்குக் கொடுத்து நின்றான். அப்படி ஒரு குனிவை நான் அவனிடம் அதுவரை பார்த்ததில்லை.

"பையன் நல்ல பையன். போத்தனூர்ப் பக்கமாம்," என்றார் அப்பா. அதற்கு மேல் அவனைப்பற்றிக் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. வேண்டியதை எல்லாம் பரிசலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தென்னைகளை எண்ணினார். மாமனை இரண்டு வார்த்தை திட்டினார். வாழையிலை அறுத்து வந்து பரிமாறினேன். ஒரு வாய் சாப்பிட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீயா ஆக்குனே?"

"ஆமாங்க."

"அப்படியே உங்கம்மா கைப்பக்குவமாட்ட இருக்குது கண்ணு. உன்னையத் தனியா உட்டுப்போட்டமேன்னு அவ தெனமும் அழுகறா. போய்ச் சொல்றேன்."

இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கதவு வழியாகத் தென்னை மரத்தடியில் அவன் நிற்பது தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது.

"பாவம், அவனும் வெயில்ல நிக்கறான். அவனுக்கும் ஒரு இலையில போட்டு வெளிய குடு," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அவன் ஆக்கிய சோற்றை அவனுக்கு இலையில் கொண்டுபோய் மண்ணில் வைத்தேன். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில், "தண்ணி ஊத்து கண்ணு, விக்கப்போவுது," என்று அப்பா உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

சொம்பை எடுத்துப் போனேன். அவன் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டான். நான் சொம்பை உயரத் தூக்கி ஊற்றினேன். எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கு எல்லோரும் அப்படித்தான் ஊற்றுவார்கள். சொம்பு கையில் படக்கூடாது, தெறிக்கிற தண்ணீர் ஊற்றுகிறவன் மேல் படக்கூடாது, குடிக்கிறவன் மூச்சு விடும்போது நிறுத்தித் திரும்ப ஊற்ற வேண்டும். நான் அதுவரை ஒருமுறைகூட ஊற்றியதில்லை, பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் என் கை எதையும் யோசிக்கவில்லை. உயரம் சரியாக இருந்தது, தாரை மெல்லிசாக விழுந்தது. அவன் குடித்து முடிக்கிற இடத்தில் தானாகவே நின்றது. அப்பா கதவருகே வந்து பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.

வெயில் தணிந்ததும் அப்பா புறப்பட்டார். என் தலையில் கை வைத்து, நன்றாகப் படி என்றார். அவன் அவரை ஏற்றிக்கொண்டு போனான். பரிசல் சிறிதாகிச் சிறிதாகி, கரையோரத்து நாணலில் மறைந்தது.

அப்புறம் வெகுநேரம் அது வரவில்லை. நாரைகள் வந்து அடைந்தன. மில் விளக்குகள் எரிந்தன. பாத்திரங்களை ஒருமுறை கழுவி, மறுபடியும் கழுவினேன். இருந்தது ஒரே பரிசல். அவன் அப்படியே கரையில் இறங்கிப் போத்தனூருக்கு நடந்துவிட்டால் அவனைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? அவன் புத்தகம் என் பெட்டியில் இருக்கிறது, அதற்காகவாவது வருவான் என்று சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. அவன் வர வேண்டும் என்று அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டதைப் போல வேறு எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

இருட்டத் தொடங்கும்போது துடுப்புச் சத்தம் கேட்டது. பாட்டு இல்லை. பரிசலை இழுத்து மேட்டில் கவிழ்த்துப்போட்டான். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்க ஐயன் நல்ல மனுசன்டா," என்றான். "வழியெல்லாம் உன்னையப் பத்தித்தான் பேச்சு."

"இன்னிக்கி நடந்தது..." என்று ஆரம்பித்தேன்.

"நாந்தான சொன்னேன் அப்படிப் பண்ணச் சொல்லி. உடு."

பிறகு, யாரோ நன்றாக நீந்தியதைப் பாராட்டுகிற மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னான்.

"ஆனா ஒரு சொட்டு சிந்தாம ஊத்துனியேடா. நல்லாப் பழகின கை உனக்கு."

அவன் எழுந்து அடுப்பு மூட்டப் போனான். அதற்குப் பிறகும் நான்கு மாதம் அங்கேதான் இருந்தோம். பனி இறங்கியது, பாட்டும் திரும்பி வந்தது, இருவரும் தேறினோம். அந்தத் தீவை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து யாருக்குத் தண்ணீர் ஊற்றினாலும் சொம்பின் வாய் டம்ளரின் விளிம்பில் இடிக்கிற மாதிரி கையைத் தாழ்த்தித்தான் ஊற்றுகிறேன். சிந்திவிடுமோ என்று பயப்படுகிறேன் என வீட்டில் கேலி செய்கிறார்கள். பாதி நேரம் சிந்தத்தான் செய்கிறது. சிந்தட்டும்.