பதினான்கு படிகளும் ஒரு ஃபைபர் படகும்: சென்னையில் மூன்று நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு கையெழுத்து. டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, அடையாறில் ஒரு குழுவின் முன்னால் நான் அதைப் போட வேண்டியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சும்மாதானே என்று முன்கூட்டியே கிளம்பினேன்.

நான் விண்வெளிப் பொறியாளர். முதல் பதினாறு வருடம் செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட்டுகளில் வேலை. கடந்த எட்டு வருடமாக மனிதரை அனுப்பும் திட்டத்தில். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. செயற்கைக்கோளுக்குக் குமட்டாது. திரும்பி வரும் கலம் பாராசூட்டில் கடலில் இறங்கும். மீட்புப் படகு வந்து சேரும்வரை உள்ளே இருப்பவர்கள் சில வேலைகளை வரிசையாகச் செய்ய வேண்டும். அந்த வரிசையை ஓர் அட்டையில் எழுதியவள் நான். பதினான்கு படிகள். திங்கட்கிழமை குழு அதை ஏற்றுக்கொண்டால், பயிற்சிப் பிரிவின் தலைவர் பதவி எனக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அதை நான் விரும்பினேன் என்பதை மறைப்பானேன்.

திருவனந்தபுரத்தில் வெள்ளி மாலை ரயில் ஏறினேன். நாகர்கோவில் தாண்டியதும் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு, குழுவுக்கான சோதனை அறிக்கையைப் படிக்க முயன்றேன். பெட்டி ஆடிய ஆட்டத்தில் மூன்றாவது பக்கத்திலேயே தலை சுற்றியது. அப்போதுதான் தோன்றியது: அட்டையை நாற்பது முறை சோதித்திருக்கிறோம். நாற்பது முறையும் குளிர்சாதன அறையில், தரையோடு திருகி வைத்த மாதிரிக் கலத்துக்குள். திருவனந்தபுரத்தில் கடல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எட்டு வருடமாக அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சென்னையில் ஒரு படகில் ஏறி, ஆடும் கடலில் ஒரு முறை அட்டை படித்துப் பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சனி காலை எட்டேகாலுக்கு எழும்பூர். அங்கிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ 180 ரூபாய். லஸ் பக்கத்தில் விடுதி, ஒரு நாளைக்கு 1,900. அறை சுத்தம், ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். பத்து மணிக்குப் பேருந்தில் தி. நகர். இளஞ்சிவப்பு முகப்புள்ள பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வந்தால் விடாதீர்கள். பனகல் பூங்காவில் இறங்கினேன்.

அலுவலக அட்டையை வெளியே கொண்டுவர முடியாது. அதனால் அதே அளவில், அதே எழுத்தில் வேறு எதையாவது எழுதியாக வேண்டும். யோசித்துப் பார்த்ததில், சரியாகப் பதினான்கு படியில் அடங்கியது ரவா உப்புமா. அடுப்பைப் பற்றவைப்பதில் தொடங்கி அணைப்பதில் முடியும். கணினிக் கடையில் அச்செடுத்து லேமினேட் செய்ய 60 ரூபாய், அழியாத மார்க்கர் 25. கடைக்காரர் அட்டையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

மாலை ஐந்து மணிக்கு நொச்சிக்குப்பம். லஸ்ஸிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும், நடந்தே போகலாம். மீன் விற்றுக்கொண்டிருந்த செல்வி என்னைப் பார்த்ததும், "வா மேடம், சங்கரா இன்னிக்கி சூப்பரா கீது" என்றார்.

"மீன் வேண்டாங்க. காலைல படகுல கூட்டிட்டுப் போவாங்களா?"

"ஷூட்டிங்கா?"

"இல்லைங்க. ஒரு அட்டையப் படிக்கணும்."

"படிக்கிறதுக்கு லைப்ரரி கீதே, கடலுக்கு இன்னாத்துக்குப் போற?" என்றவர், பின்னால் வலை பிரித்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டார். "யோவ், இங்க வா. இந்தக்கா கடல்ல போயி படிக்கணுமாம்."

கணவர் பாஸ்கருக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 1,500 என்று பேசி முடித்தோம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறமாட்டேன் என்றேன். மச்சான் வீட்டில் இருக்கிறது என்றார். மறுநாள் உண்மையிலேயே கொண்டுவந்தார்.

ஞாயிறு காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போனதும் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

"நிறுத்துனா ஆடும் மேடம்."

"அதுக்குத்தான் வந்தேன்."

"காசு குட்த்து ஆட வந்த மொத ஆளு நீதான். வாந்தி வந்தா அந்தாண்ட எடு, வலை மேல எடுக்காத."

படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி ஆடத் தொடங்கியது. கலமும் இப்படித்தான் ஆடும், ஆனால் அதில் வானமும் தெரியாது, காற்றும் வராது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உரக்கப் படித்து, முடித்ததும் அதன் மேல் கோடு போட்டேன். நான்காவது படியில் குமட்டலில் வாய் ஊறியது. ஏழாவதில் நிறுத்தி, பாஸ்கர் காட்டிய பக்கம் குனிந்தேன். மறுபடியும் தொடர்ந்தேன். பதினான்காவதில் கோடு போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால், பதினொரு நிமிடம். குளிர்சாதன அறையில் நிஜ அட்டைக்கு ஏழு. வாந்தியையும் சேர்த்துப் பதினொன்று பரவாயில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாஸ்கர் பீடியைப் பற்றவைத்தார். "உப்மா வராது யக்கா."

"ஏன்?"

"தண்ணி ஊத்தவே இல்லியே. வெங்காயம் வதக்குன, உப்பு போட்ட, ரவைய கொட்ன. அடிபுட்ச்சி கருகிப்பூடும்."

படித்தேன் என்றேன். இல்லை என்றார். அட்டையைக் காட்டினேன். பதினான்கு வரியிலும் கோடு இருந்தது. பிறகுதான் கவனித்தேன்: ஒன்பதாவது வரியில் போட்ட கோடு, படகு தூக்கிப்போட்டதில் இழுபட்டுப் பத்தாவதன் மேலும் விழுந்திருந்தது. கோடு இருக்கும் வரியை முடிந்த வரியாக எடுத்துக்கொண்டு என் கண் பதினொன்றுக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியவே இல்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் எல்லாம் சரியாக முடிந்தது என்றே கரைக்கு வந்திருப்பேன்.

திரும்பும் வழியில் என்னை உறுத்தியது வேறு. பாஸ்கர் அட்டையைப் பார்க்கவே இல்லை, காதால் கேட்டதோடு சரி. உப்புமாவில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் காரணம் இருக்கிறது. ஒன்று விட்டுப்போனால் கேட்பவருக்கே தெரிந்துவிடும். நான் எழுதிய நிஜ அட்டையில் படிகள் அப்படி இல்லை. பலகையில் சுவிட்சுகள் இருக்கும் வரிசையில், இடமிருந்து வலமாக எழுதியிருந்தேன். கை நகர எளிது. ஆனால் அதில் ஒன்று விட்டுப்போனால் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் தெரியாது. விட்டுப்போனது காற்றுத் துளையைத் திறக்கும் படியாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, அட்டையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன்.

"நாப்பது தடவை செஞ்சு பாத்தாச்சேம்மா. ஒரு தப்பும் வரலியே."

"தரையில சார்."

"போஸ்ட் கைய விட்டுப் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன். மாலையில் லஸ்ஸில் காபி, 35 ரூபாய்.

திங்கள் காலை அடையாறுக்குப் பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். நெரிசலுக்கென்று இன்னொரு இருபது சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. படகையும் உப்புமாவையும் மறைக்காமல் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். புதிய அட்டைக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று குழுத் தலைவர் கேட்டார். மூன்று மாதம் என்றேன். அட்டவணை தாங்காது என்று ஒருவர் தொடங்கினார்.

கடைசி வரிசையில், கலத்தில் போகப்போகிறவர்களில் ஒருவர் இருந்தார். கூட்டங்களில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. தாமதத்தால் அதிகம் இழப்பவரும் அவர்தான். வயது ஏறினால் வாய்ப்பே போய்விடும். "தண்ணி ஊத்தலன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியல. அவர் சொன்னாரு."

அவர் தலையசைத்தார். "அப்ப ஆறு மாசம் எடுத்துக்குங்க" என்றார். அதற்குப் பிறகு அட்டவணையைப் பற்றி யாரும் பேசவில்லை.

படகில் போக விரும்புகிறவர்களுக்கு: அது சுற்றுலாப் படகு அல்ல, மீன்பிடிப் படகு. முந்தின நாளே பேசிவிடுங்கள். டிசம்பரில் கடல் ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடுங்கள். குமட்டல் மாத்திரையை அரை மணி முன்னால் போடுங்கள். நான் போடவில்லை, எனக்குக் காரணம் இருந்தது. ரயிலையும் விடுதியையும் நீக்கி மூன்று நாள் செலவு 2,870 ரூபாய். அதில் எதையும் அலுவலகத்தில் கேட்கவில்லை. என்ன தலைப்பில் கேட்பது என்று தெரியவில்லை.

பதவி இன்னொருவருக்குப் போனது. நல்ல பொறியாளர், என்னைவிடப் பொறுமைசாலி. நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். புதிய அட்டையை அவரிடம்தான் ஒப்படைத்தேன். வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, இதைக் கடலில் படித்துப் பார்த்தீர்களா என்பது. ஆறு முறை என்றேன்.