எத்திராஜ் மாற்றாத கடைசிக் காட்சி

எத்திராஜ் இறந்த செய்தி வந்தபோது நான் ரேஷன் கடையில் கைரேகை மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய மகள் கயல். “மாமா, நைனா போயிட்டாரு” என்றாள். பெருநகர் என்ற ஊரில் ஒரு காதுகுத்துக்கு மைக் செட் கட்டப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள்தான் அடுத்துக் கேட்டாள்: “அம்மாகிட்ட யாரு மாமா சொல்றது?” நான்தான் சொன்னேன். கடல் தாண்டி இருப்பவளிடம் போனில் சொல்லக்கூடிய செய்தியா அது?

எத்திராஜை மைக் செட்காரராக இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய நாடகத்தையும் பலர் பார்த்திருப்பீர்கள். சட்டம் பிரித்துவைத்த ஒரு குடும்பத்தின் கதை. அது அவருடைய சொந்தக் கதை என்பது மட்டும் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் மனைவி வசந்தி மூன்று வயதில் இலங்கையிலிருந்து படகில் வந்து, அகதி முகாமில் வளர்ந்தவள். கல்யாணமாகி, கயல் பிறந்து சில வருஷங்கள் கழித்து, அங்கே படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்கப் போனாள். போக அனுமதி கொடுத்தார்கள். திரும்பி வர விசா கேட்டபோது, முன்பு அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவள் என்று பதிவு இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். “மூணு வயசு கொயந்த யாராண்ட போயி அனுமதி கேக்கும்?” என்று எத்திராஜ் கேட்காத ஆபீஸ் இல்லை. நீயே அங்கே போய்விடேன் என்று சொன்னவர்களும் உண்டு. போனார். தங்கலாம், வேலை செய்யக்கூடாது என்றார்கள். கூலிக்கு உழைக்கிறவன் வேலை செய்யாமல் எத்தனை நாள் தங்குவான்?

அந்தக் கோபத்தில்தான் நாடகம் எழுதினார். கணவனாக அவர், மகளாக கயல், விசா அதிகாரியாக நான். “தெனமும் சர்வர் இல்ல, நாளைக்கி வான்னு சொல்றவன் நீதான் சம்பத்து. உனக்கு ஒத்திகையே வேணாம்” என்று சொல்லித்தான் அந்த வேஷத்தை என் தலையில் கட்டினார். மனைவி வேஷத்துக்கு ஆளே தேடவில்லை. மேடையில் நின்றபடி வசந்திக்குப் போன் போடுவார், போனை மைக்கில் பிடிப்பார். அவள் தன் வசனத்தை அங்கிருந்து பேசுவாள். அது குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊர் முழுக்கக் கேட்கும். ஏதோ பதிவு செய்து வைத்த குரல் என்றே ஜனங்கள் நினைத்தார்கள். ஒரு திருவிழா கிடைத்தால் அவர்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஒரே மேடையில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

ராஜகுளத்தில் ஒருமுறை நடுக்காட்சியில் சிக்னல் போய்விட்டது. எத்திராஜ், “வசந்தி... அலோ... கேக்குதா?” என்று கத்திக்கொண்டே நின்றார். வசனம் எல்லாம் மறந்துபோயிற்று. ஜனங்கள் அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டு அழுதார்கள். மேடையை விட்டு இறங்கியதும் ஒருவர் அவர் கையைப் பிடித்து, பிரமாதம் என்றார். எத்திராஜ் கையை உதறிவிட்டு என்னிடம் வந்தார். “இத்தன பேரு அழுதாங்களே, ஒருத்தராச்சும் இதுக்கு இன்னா பண்ணலாம்னு கேட்டாங்களா பாரு” என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

நான் முதலில் அதிகாரி வேஷத்துக்கு மீசையை முறுக்கிவிட்டு, மேஜையைத் தட்டிக் கத்திப் பார்த்தேன். அவர் நிறுத்திவிட்டார். “ஆபீசர் கெட்டவன் இல்லப்பா, நல்லவன்தான். அதான் பேஜாரே. கெட்டவனா இருந்தா நாலு வார்த்த திட்டிட்டு வூட்டுக்கு வந்துடலாம். இவன் சேர் போட்டு, தண்ணி குடுத்து, அப்புறம் இல்லன்றான்” என்றார். அப்படியே நடித்தேன். வில்லன் இல்லாத நாடகம் யாருக்குப் பிடிக்கும்? எங்களைக் கூப்பிடுகிற ஊர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

கயல் நாடகத்தில் சேர்ந்தபோது இரண்டாம் வகுப்பு. “அம்மா எப்ப வரும்?” என்பதுதான் அவளுடைய முக்கிய வசனம். அவள் வளர வளர எத்திராஜ் வசனங்களை மாற்றிக்கொண்டே வந்தார். வசந்தியின் விண்ணப்பங்கள் மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் ஒத்திகையில் கயல், “நைனா, இத நா இனிமே கேக்க மாட்டேன். எனக்கு பதில் தெரியும்” என்றாள். அவர் அந்த வரியை அடித்துவிட்டார்.

கடைசிக் காட்சிக்காக அவர் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அதிகாரி பணிவாக, “இல்லை” என்பான், ஸ்பீக்கரில் வசந்தியின் குரல் நிற்கும், விளக்கு அணையும். மங்களம் கிடையாது. புள்ளலூர் திருவிழாக் கமிட்டித் தலைவர் சண்டைக்கே வந்துவிட்டார். “திருவியாவுல வந்து குடும்பத்த பிரிச்சிட்டுப் போறியே, நல்லாவா கீது? கடைசில ரெண்டு பேரையும் சேத்து வச்சி மங்களம் பாடிட்டுப் போ” என்றார். “சட்டத்த சேத்து வைக்கச் சொல்லு. மறுநாளே வந்து மங்களம் பாடறேன்” என்றார் எத்திராஜ். அதற்குப் பிறகு அந்த ஊர் எங்களைக் கூப்பிடவில்லை.

அடக்கத்தைக் கயல் போனைப் பிடித்துக் காட்ட, வசந்தி அங்கிருந்து பார்த்தாள். இப்போது மனு போட்டால் இரக்கம் காட்டுவார்கள் என்று யாரோ சொல்ல, போட்டாள். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், அனுப்பினோம். ஒரு வாரத்துக்குள் விசா வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே போய்க் கொட்டுவது? கல்யாணப் பதிவை வருஷா வருஷம் கொடுத்தார்கள், பெண்ணின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தார்கள். எதுவும் போதவில்லை. புருஷன் உயிரோடு இருந்தது அவள் இங்கே வருவதற்குக் காரணமாகவில்லை. அவர் செத்தது காரணமாகிவிட்டது. அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும்.

காரியத்துக்கு முதல் நாள் வசந்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள். தன்னைவிட உயரமாக நின்ற மகளை அண்ணாந்து பார்த்தாள். படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து, “நான் வந்துட்டன்” என்றாள்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது அந்தப் புள்ளலூர்த் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஆடித் திருவியாவுக்கு நாடகத்த எங்க ஊர்ல போடு சம்பத்து. இப்பதான் வசந்தி நெசமாவே வந்துடுச்சே. கடைசில மேடையேத்திக் காட்டினா ஜனம் கை தட்டும்” என்றார். நல்ல மனுஷர்தான், அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வசந்திக்குக் காதில் விழுந்துவிட்டது. “ஆடிக்கு நான் இங்க இருக்க ஏலாது அண்ணா. போனிலயே கதைக்கிறன்” என்றாள்.

அவளை மேடையேற்றிக் காட்ட முடியாது என்று தலைவரிடம் சொன்னேன். பிறகு நாடகத்துக்குச் சம்மதித்தேன், கடைசிக் காட்சியை மாற்றமாட்டோம் என்ற நிபந்தனையோடு. முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். எத்திராஜின் வேஷத்தை இனி நான்தான் போட வேண்டும், அதிகாரிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். அவருடைய குரலும் எனக்கு வராது, நடையும் வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். ஆடியில் புள்ளலூர் மேடையில் நான் போனை மைக்கில் பிடிப்பேன், கயல் பக்கத்தில் நிற்பாள், வசந்தி அங்கிருந்து பேசுவாள். மங்களம் பாடமாட்டோம். அவரை அறிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். வந்து அழ வேண்டாம், இதற்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.