இடது காதில் ஒரு கை

வானொலியில் காற்பந்து வர்ணனை என்றாலே எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அவர் குரல்தான். அவர் தேர்தலில் நின்றபோது நான் கார் ஓட்டினேன். ஒடிசலான மனிதர், பேசும்போது கண்கள் எங்கோ ஓடும் பந்தைத் தொடரும்.

கெர்லிங் ஊர்க் கூட்டத்துக்குப் போகும் வழியில் கேட்டேன். “வெளிநாட்டு ஆட்டத்துல, ஸ்டூடியோ டிவியில படம் நின்னுட்டா என்னா செய்வீங்கண்ணே?”

“படம் வர்ற வரைக்கும் இடது காதப் பொத்திக்கிட்டு நானா கதைய அவுத்து விடுவேன்லா தம்பி. கேக்கறவங்களுக்கு என்னா தெரியும்?”

அன்றைய கூட்டத்தில் என் அக்கா எழுந்தாள். “நாங்க குடியிருக்கற லயத்து வீடுங்கள ஒடைக்கப் போறாங்க. எங்களுக்கு வேற வீடு கெடைக்குமாண்ணே?”

“கண்டிப்பா கெடைக்கும்மா!”

மூன்று அறை, வாசலில் குழாய் என்று நேரில் பார்ப்பதுபோல் வர்ணித்தார். அவர் கை மெல்ல எழுந்து இடது காதைப் பொத்தியது.

கூட்டம் கைதட்டியது. அக்கா கண்ணைத் துடைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நானும் தட்டினேன். கை இன்னும் கூசுகிறது.