எங்க தோட்டத்துக் கரடி

இன்னைக்கு ஜமுனாமரத்தூர் நூலகத்துல பசங்களுக்குக் கதை சொன்னது எங்க பக்கத்து வூட்டு மல்லிகா அக்கா.

எங்க தோட்டத்துல கரடி வந்து பலாப்பழம் தின்ன கதை! போன வாரம் பஸ்ல நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். இன்னைக்கு அது அவங்க தோட்டம் ஆயிடுச்சு.

என் கரடி தின்னுட்டுப் பேசாம போயிடுச்சு. அவங்க கரடி கதவைத் தட்டி, "கொட்டைய அவிக்கணும், கொஞ்சம் உப்பு இருக்குதாங்க?"ன்னு கேட்டுச்சு.

பசங்க உருண்டு உருண்டு சிரிச்சாங்க. வூட்டுல நான் சொன்னப்போ பாதியிலயே தூங்கிப்போன என் பொண்ணு, "இன்னாமா, உனக்கு இப்டி சொல்லவே வராதா?"ங்கறா.

வயிறு எரியுது. உப்பு கேட்ட இடத்துல நானும் சிரிச்சுத் தொலைச்சுட்டேன்.

அடுத்த வாரம் கதை சொல்ல என் பேரைக் கொடுத்துட்டேன். உங்க வூட்டுப் பக்கம் கரடி, காட்டுப்பன்னி எதுனா வந்துச்சா? சீக்கிரம் சொல்லுங்க.